மூடியபடி போன டிரம்

பிப்ரவரி 4

நான் சொல்லச் சொல்ல வீட்டுக்காரி எழுதுகிறாள். டைரி, மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு சிவப்பு இதயம் அச்சடித்திருக்கிறது. “தூக்கத்துல யார்கிட்டயோ ஆஸ்பத்திரிக் கதை பேசுறீங்க. முழிச்சிருக்கும்போது என்கிட்ட சொன்னா எழுதியாவது வைப்பேன், அப்புறம் நானும் தூங்குவேன்” என்றாள். அவள் ஏழாவது வரை படித்தவள். எனக்கு என் பெயரை மட்டும் போடத் தெரியும். அதுவும் எனக்கு எழுத்தில்லை, படம்.

இன்று ஆபரேஷன் துணி முப்பத்தொன்பது கட்டு, ஆறு டிரம். ஆவி மெஷின் மூன்று தடவை ஓடியது. குறை ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 5

நாற்பத்திரண்டு கட்டு. முதுகுவலி. எழுத இதுதான் இருக்கிறதா என்கிறாள். இதுதான் இருக்கிறது.

பிப்ரவரி 19

புது சிஸ்டர் வந்து நாலு மாதம் ஆகிறது. ஆபரேஷன் தியேட்டர், டிரெஸ்ஸிங் அறை, நாங்கள் துணியையும் பஞ்சையும் ஆவியில் வேகவைக்கும் ஸ்டெரைல் அறை, எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. வந்ததிலிருந்து ஒரு பழக்கம்: சாயங்காலம் எங்கள் அறைக்கு வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வார். ஆவி அடிக்கும், வேர்க்கும், எழுந்து போகமாட்டார்.

இன்று எல்லோரையும் கூட்டிச் சுவரில் ஒரு தகரப்பெட்டியை மாட்டினார். மூடியில் ஒரு கீறல். “யார் என்ன தப்பு பண்ணாலும் ஒரு சீட்டுல எழுதி இதுல போடுங்க. பேர் வேண்டாம். சொன்னவங்களுக்குத் தண்டனை கிடையாது, அதுக்கு நான் பொறுப்பு. மறைச்சாத்தான் நோயாளிக்கு ஆபத்து” என்றார்.

இந்த ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் இருக்கிறேன். “தைரியமா சொல்லு” என்று கேட்டுவிட்டுச் சொன்னவன் சீட்டைக் கிழித்த மூன்று பேரைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அவரே ஒரு சீட்டை எடுத்து எல்லோர் காதிலும் விழப் படித்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்த இரண்டு பேருக்கு ஊசியை மாற்றிப் போட்டுவிட்டாராம். “யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதனால யாருக்கும் தெரியல. ஆனா அந்த ரெண்டு முகமும் எனக்கு இன்னும் மறக்கல.” மடித்துப் பெட்டியில் போட்டார். முதல் சீட்டு.

என்னோடு வேலை பார்ப்பவளுக்கு ரேடியோ என்று பெயர். வாய் ஓயாது, அதனால் வந்த பெயர். நாற்பது வயது. வேலை பார்க்காத புருஷனுக்கும் சேர்த்துச் சம்பாதிக்கிறவள். அவளே இன்று வாயடைத்துப் போனாள். பிறகு என் காதில், “பெரியப்பா, இந்தம்மா கிணத்துல குதின்னா குதிக்கலாம் போல இருக்கே” என்றாள்.

“நீ குதிச்சா தண்ணி மேல வந்துடும், வேண்டாம்” என்றேன்.

மார்ச் 2

ஞாயிறு. ஆஸ்பத்திரித் தண்ணீர்க் குழாய் உடைந்தது. தண்ணீர் இல்லாமல் ஆவி இல்லை, ஆவி இல்லாமல் தியேட்டர் இல்லை. லீவில் இருந்தவர்களை யாரும் கூப்பிடவில்லை. கேள்விப்பட்டு அவர்களாகவே வந்தார்கள். வரிசையில் நின்று வாளி கை மாற்றினோம். சிஸ்டர் ஆறாவது ஆள், நான் ஏழாவது. அவர் கையிலிருந்து என் கைக்கு நூற்றுப்பதினான்கு வாளி.

பழைய சிஸ்டர் காலத்தில் இதே குழாய் உடைந்தது. அன்று நான் வீட்டில் படுத்துக்கொண்டு தலைவலி என்று சொல்லியனுப்பினேன். அதையும் எழுது என்றேன். எழுதுகிறாள்.

மார்ச் 21

தப்பு நடந்துவிட்டது. என் கையால்.

டிரம் என்றால் என்ன என்று வீட்டுக்காரி கேட்கிறாள். புண்ணுக்கு வைக்கும் பஞ்சும் துணியும் அடுக்கும் உருண்டைத் தகர டப்பா. அதன் இடுப்பைச் சுற்றித் துளைகள் இருக்கும். துளைகளின் மேல் ஒரு பட்டை நகரும். மெஷினுக்குள் வைக்குமுன் பட்டையை நகர்த்தித் துளைகளைத் திறக்கவேண்டும். அப்போதுதான் ஆவி உள்ளே போகும். எடுத்த உடனே மூடவேண்டும். திறக்க மறந்தால் வெளியில் ஒட்டிய நாடா மட்டும் கோடு கோடாய்க் கறுத்து, வெந்துவிட்டேன் என்று சாட்சி சொல்லும். உள்ளே பஞ்சு பச்சையாகவே இருக்கும்.

காலை எட்டே முக்கால், இரண்டாம் தடவை ஏற்றம். கீழ்த்தட்டு, இடது பக்கம், கைப்பிடி ஆடுகிற டிரம். பதினொன்றரைக்குக் கை கழுவும்போது பொறி தட்டியது — மற்ற ஐந்திலும் பட்டையைத் தள்ளியபோது ‘கிறீச்’ என்றது காதில் இருக்கிறது. ஆறாவது சத்தம் இல்லை. அந்த நேரம் ரேடியோ அவள் புருஷன் குறட்டையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் மேல் குற்றம் இல்லை. சிரித்தது நான்.

ஓடினேன். அறுபத்தேழு வயதில் படியில் ஓடினேன். டிரம் டிரெஸ்ஸிங் அறையில் திறந்திருந்தது. ஒரே ஒரு ஆளுக்குத்தான் அதிலிருந்து எடுத்திருந்தார்கள். காலில் புண்ணோடு படுத்திருக்கும் லாரி டிரைவர்.

சிஸ்டரிடம் சொன்னேன். அவர் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவி, வேறு பஞ்சு வைத்து, டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போடச் செய்தார். பிறகு கட்டில் பக்கத்தில் நின்று டிரைவரிடமே சொன்னார்: “சரியா சுத்தமாகாத பஞ்சை உங்க காலுக்கு வெச்சுட்டோம். எங்க தப்பு.” அந்த மனிதர், “நீங்களே வந்து சொல்றீங்களேம்மா, அது போதும்” என்றார்.

திரும்பும்போது சிஸ்டர் என்னிடம், “சீட்டு எழுதிப் போட்டுடுங்க பெரியவரே. நீங்களே போட்டீங்கன்னு தெரிஞ்சா மத்தவங்களுக்கும் துணிச்சல் வரும்” என்றார்.

எனக்கு எழுத்து ஏது? நான் சொன்னேன், ரேடியோ எழுதினாள். “நான் டிரம்மின் துளையைத் திறக்காமல் வைத்துவிட்டேன்.” படித்துக் காட்டினாள். சரி என்றேன். நானே மடித்துப் பெட்டியில் போட்டேன்.

மார்ச் 30

டிரைவருக்குக் காய்ச்சல்.

ஏப்ரல் 8

டிரைவரின் காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை முற்றியிருந்தது, எப்படியும் எடுத்திருக்கவேண்டியதுதான் என்கிறார் டாக்டர். அந்தப் பஞ்சாலும் இருக்கலாமா என்று கேட்டேன். “இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்” என்றார். இதற்குக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

வார்டு பக்கம் போனேன். வாசலோடு திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 9

சாப்பாடு இறங்கவில்லை. இதை எழுதவேண்டாம் என்றேன். எழுதிவிட்டாள்.

ஏப்ரல் 17

டிரைவரின் மச்சான் புகார் கொடுத்திருக்கிறார். “நர்ஸம்மாவே ஒத்துக்கிட்டாங்க” என்பதுதான் அவர் கையில் இருக்கும் துருப்புச் சீட்டு. உண்மைதானே, ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் புகாரே இல்லை. இந்த உலகத்தை என்ன செய்வது?

நிர்வாகத்தில் ஒரு மேனேஜர் இருக்கிறார். சட்டை மடிப்பில் காய்கறி நறுக்கலாம். நாங்கள் அவரை இஸ்திரி என்போம். அவர் ஆள் அனுப்பிப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். சுவரில் நாலு ஆணித்துளை இருக்கிறது.

பெட்டியில் பதினேழு சீட்டு இருந்ததாம். பதினேழு பேருக்கும் இன்று முகத்தில் ரத்தம் இல்லை.

ஏப்ரல் 20

ரேடியோவைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். துணி அறைக்கு அவள் எழுதும் பட்டியலையும் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது உன் எழுத்து, ஆகவே உன் தப்பு என்றிருக்கிறார்கள்.

சாயங்காலம் வந்தாள். ரேடியோ ஓடவில்லை. கட்டு மடித்துக்கொண்டே, “பெரியப்பா, நான் உங்க பேரைச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோங்க” என்றாள்.

“சொன்னதுதான் சரி. இதுக்கு எதுக்கு மன்னிப்பு?”

“சொல்லியும் நம்பலையே! ‘போயும் போயும் எழுத்துத் தெரியாத வயசானவர் மேல பழி போடுறியே, வெக்கமா இல்ல?’ன்னு கேட்கிறாங்க.”

“சிஸ்டர் இருந்தாங்களா?”

“இருந்தாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“ஃபைலைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.”

ஜனவரியில் நடந்த கூட்டத்தில் கனமான கையுறை கேட்டு எழுந்து நின்றவள் ரேடியோ ஒருத்திதான். சூடான தட்டில் எங்கள் இரண்டு பேர் கையும் வெந்தது. வாய் திறந்தது அவள் மட்டும். இஸ்திரி அதை மறந்திருப்பாரா? நானே மறக்கவில்லையே.

ஏப்ரல் 21

போனேன். இஸ்திரி நாற்காலியைக் காட்டினார். பக்கத்தில் சிஸ்டர்.

“நிக்கிறேனுங்க. அந்தத் தப்பு என்னுது” என்றேன். தேதி, நேரம், எத்தனையாவது ஏற்றம், எந்தத் தட்டு, எந்த டிரம், ஒன்று விடாமல் சொன்னேன். படிக்காதவனுக்கு மனசுதானே நோட்டு.

இஸ்திரி சிரித்தார். பரிகாசமும் இல்லை, கோபமும் இல்லை. பாசமாகச் சிரித்தார். “முப்பத்தொரு வருஷத்துல உங்க மேல ஒரு புகார் இல்ல. அந்தப் பொண்ணு வந்து அழுதிருக்கும், உங்க மனசு இளகியிருக்கும்.”

“யாரும் அழலீங்க.”

“சரி, இது உங்க கையெழுத்தா?”

“எனக்கு எழுத வராதுங்க.”

“அப்புறம் எப்படி உங்களுது?”

“வாய் என்னுது. கை அவளுது.”

அவர் சிஸ்டரைப் பார்த்தார். “நீங்க என்ன சொல்றீங்க சிஸ்டர்?”

நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். அன்று நான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றது இந்த அம்மாவிடம்தான். கட்டைப் பிரித்தது இவர் கைதான். ‘சீட்டு எழுதிப் போடுங்க’ என்று சொன்னதும் இவர் வாய்தான்.

“பெரியவர் எப்பவும் இப்படித்தான் சார். அடுத்தவங்க பாரத்தையும் தானே தூக்கிக்குவார்” என்றார் சிஸ்டர்.

என்னைத் திட்டிய வாய்கள் உண்டு. ஒன்றும் இவ்வளவு சுட்டதில்லை.

ஏப்ரல் 22

நேற்று இரவு கடைசியாக நான் சொன்னதை வீட்டுக்காரி எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டாள். இன்று எழுதுகிறாள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு.

நான் சொன்னது இதுதான்: வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள், கடிதமாகக் கொடுக்கவேண்டும், நீ எழுது, நான் என் பெயரைப் போட்டுக் கொடுக்கிறேன்.

“அவ கையால எழுதினா, அவ போறா. என் கையால எழுதினா யாரு போவா? நம்ம ரெண்டு பேரும்தான். மகன் அனுப்புறது என் மாத்திரைக்குக்கூட ஆகாது. உங்க வேலையை என் கையாலயே பறிக்கச் சொல்றீங்களா?” என்றாள்.

நியாயம்தான்.

ஏப்ரல் 23

காலையில் தேநீரோடு டைரியும் வந்தது. “சொல்லுங்க” என்றாள். “ஆனா ஒண்ணு. மெதுவா சொல்லுங்க. இதுல அடிச்சுத் திருத்தக்கூடாது.” வேறு தாள் இல்லை, டைரியிலிருந்தே ஒரு பக்கத்தைக் கிழித்து எழுதினாள். எட்டு வரி. கீழே என் படத்தைப் போட்டேன்.

கடிதம் சிஸ்டர் வழியாகத்தான் மேலே போகவேண்டும், ஆஸ்பத்திரி முறை. கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 29

மேலிருந்து பதில் இல்லை.

மே 2

ரேடியோவை நிறுத்திவிட்டார்கள். டிரைவரின் மச்சானுக்கு ‘நடவடிக்கை எடுத்தாச்சு’ என்று கடிதம் போயிற்றாம்.

போகும்போது அவளுடைய டம்ளரைத் துணியில் சுற்றிக்கொண்டாள். “பெரியப்பா, என் புருஷன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. அந்த ஆளு இனிமே எழுந்து வேலைக்குப் போகணுமேன்னு பயந்தே செத்துடுவான்” என்றாள். சிரிக்கச் சொல்லித்தான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. அவளுக்காகவாவது சிரித்திருக்கலாம்.

மே 3

சிஸ்டரின் மேஜை மேல் வருகைப்பதிவு. கையெழுத்துப் போட அதை நகர்த்தினேன். அடியில் ஒரு தாள். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தலையில் சிவப்பு இதயம். கிழித்த ஓரம் கோணல், வீட்டுக்காரி கிழித்த அதே கோணல். பத்து நாளாக அங்கேயே கிடந்திருக்கிறது.

எடுத்து நீட்டினேன்.

சிஸ்டர் கதவைச் சாத்தினார். “ஜூன்ல பரிசோதனைக் குழு வருது பெரியவரே. தியேட்டருக்கு அனுமதி நீடிக்குமா இல்லையான்னு அப்பதான் முடிவாகும். அந்த மெஷினோட மூச்சு தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். அவ போனா ஒரு மாசத்துல வேற ஆளைப் பழக்கிடலாம். நீங்க போனா தியேட்டரே நிக்கும். நோயாளிங்களை நினைச்சுப் பாருங்க.”

“அவங்களை நினைச்சுத்தானேம்மா அன்னைக்கு ஓடி வந்து சொன்னேன்.”

“எல்லாருக்காகவும் நான் மேல சண்டை போட்டேன். பதினேழு சீட்டுக்குப் பதினேழு பேரையும் வெளிய அனுப்பச் சொன்னாங்க. ஒண்ணோட நிறுத்தினேன். உங்களைக் காப்பாத்தத்தான்—”

“காப்பாத்துன்னு யாரு கேட்டா? நான் கேட்டேனா? உங்களை நம்பித்தானே அவ எழுதினா. தண்டனை கிடையாது, நான் பொறுப்புன்னு சொன்னீங்களே, அந்தப் பொறுப்பு எங்க போச்சு? நீங்க ஊசியை மாத்திப் போட்டதைச் சொன்னப்போ உங்களை யாராவது வெளிய அனுப்பினோமா? உங்களுக்காக லீவு நாள்ல வாளி தூக்கலையா நாங்க—”

இதற்கு மேல் என்ன கத்தினேன் என்பது எனக்கு நினைவில்லை. எனக்கு! நினைவில்லை! வீட்டுக்காரி நிமிர்ந்து பார்க்கிறாள்.

சிஸ்டர் அழவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், “எனக்கு வேற வழி தெரியல பெரியவரே” என்றார். பொய் இல்லை. தெரியவில்லைதான். ஆனால் தெரியாத வழிக்கு விலை கொடுத்தது வேறொருத்தி.

கடிதத்தை நானே இஸ்திரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். “நல்ல மனசு, நல்ல மனசு” என்று சொல்லி இழுப்பறையில் போட்டார்.

மே 4

வேலையை விட்டுவிடலாம் என்று காலையில் சொன்னேன். வீட்டுக்காரி, “விடுங்க” என்றாள், கொஞ்சமும் யோசிக்காமல். அதனால் நான் யோசிக்கவேண்டியதாயிற்று. நான் விட்டால் டிரம்மை யார் பார்ப்பார்கள்? சலவை அறையிலிருந்து ஒருவரை அனுப்பியிருக்கிறார்கள். நல்ல மனிதர்தான். துளையைத் திறக்கவேண்டும் என்று மூன்று தடவை சொல்லியும், “அதான் வெளிய நாடா கறுத்திருச்சே” என்கிறார்.

போனேன்.

மே 26

பெட்டியை மறுபடி மாட்டியிருக்கிறார்கள். புது வண்ணம் அடித்து, அழகாக. பரிசோதனைக் குழு பார்க்கவேண்டுமே.

ஜூன் 14

குழு வந்தது. பெட்டியைத் திறந்தார்கள், காலி. ‘இரண்டு மாதமாகத் தவறே இல்லை’ என்று இஸ்திரி விளக்கினார். கைதட்டினார்கள். சிஸ்டர் தட்டவில்லை, அதைப் பார்த்தேன். அனுமதி கிடைத்துவிட்டது.

ஜூன் 29

குழாய் மறுபடி உடைந்தது. ஞாயிறுதான். என்னையும் சேர்த்து நாலு பேர் இருந்தோம், நாலு பேருக்கும் அன்று டியூட்டி. தண்ணீர் லாரி வரும்வரை தியேட்டர் மூடிக் கிடந்தது. சிஸ்டர் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவருக்குக் காய்ச்சல். ஒருவருக்கு விருந்தாளி. ஒருவர் எடுக்கவே இல்லை.

ஜூலை 12

ரேடியோவைப் பார்க்கப் போனேன். சட்டை தைக்கும் கம்பெனியில் பட்டன் சரிபார்க்கும் வேலை. சம்பளம் குறைவு. கையுறை கொடுத்திருக்கிறார்களாம், கேட்காமலே.

“இங்க நிம்மதி பெரியப்பா. தப்பு பண்ணா ஒரு சட்டைக்குப் பட்டன் கோணலா போகும். அவ்வளவுதான். யாரோட விரலும் போகாது” என்றாள்.

“வீட்டுக்காரர்?”

“வேலைக்குப் போறார். எனக்கே பயமா இருக்கு, உடம்புக்கு ஏதாச்சும் வந்துடுமோன்னு.”

இந்தத் தடவை சிரித்தேன். அவள் கண் என்னமோ சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்காமலே திரும்பினேன், கேட்டால் ‘விடுங்க’ என்று சொல்லிவிடுவாள் என்று பயம்.

ஜூலை 30

மெஷின் கதவின் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. ஆவி கசிகிறது. மூன்று கட்டு ஈரமாக வந்தது. ஈரமாக வந்தால் சுத்தமானதாகக் கணக்கில்லை. பிரித்து, மாற்றிக் கட்டி, மறுபடி வைத்தேன். ஒன்றரை மணி நேரம் கூட ஆயிற்று.

வளையம் மாற்றவேண்டும் என்றால் சொல்லவேண்டும். சொன்னால் எழுதிக் கொடு என்பார்கள். எழுதினால் எத்தனை நாளாகக் கசிகிறது, ஏன் கசிகிறது, யார் கையில் இருந்தபோது கசிந்தது? சலவை அறைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் துணி மடித்தோம்.

ஆகஸ்ட் 6

ஈரம் ஐந்து. எட்டு மணிக்கு வீடு வந்தேன். “தப்பைச் சொல்லாம இருக்க உங்களால முடியுதா?” என்று கேட்டாள். ‘முடியுது’ என்று எழுது.

ஆகஸ்ட் 19

ஈரம் நாலு. ஒரு கட்டுக்கூட அப்படி வெளியே போகவில்லை, போகவிடமாட்டேன். நான் இருக்கிறவரை. எனக்கு அறுபத்தேழு முடிந்து அறுபத்தெட்டு நடக்கிறது.

சாயங்காலம் சிஸ்டர் வந்தார். வாசற்படியில் நின்று, “எல்லாம் சரியா இருக்கா பெரியவரே?” என்று கேட்டார்.

“சரியா இருக்குதுங்க.”

அவர் கண் மெஷின் கதவுக்குப் போயிற்று. அடியில் தண்ணீர் சொட்டித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. குருடருக்குக்கூடக் காலில் படும். பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முந்நூறு பேர் வேலை பார்க்கும் அந்தக் கட்டடத்துக்குள் நடந்து போனார்.

நான் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தேன்.